மூன்றேகால்

பிப்ரவரி, இரண்டாம் வியாழன், பகல் ஒன்றரை.
கார்னெட் விரிகுடா, வட மிச்சிகன்.
நகராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தள அறை.
ஏரிக்காற்று ஜன்னல் இடுக்கில்
விசில் பழகிக்கொண்டிருக்கிறது.

நான் குறிப்பெழுதுகிறவள்.
கூட்டத்துக்கு நாற்பது டாலர்.
பேச எனக்கு அனுமதி இல்லை.
எழுதவும் முழு அனுமதி இல்லை.

முதியோர் சேவைக்கான ஆலோசனைக் குழு:
நாற்காலி ஏழு.
ஒன்று நவம்பரிலிருந்து காலி.
லோர்னா பெல்டியர் இறந்ததும்
ஆள் கேட்டு விளம்பரம் போட்டோம்,
விளம்பரம் இன்னும் கதவில் இருக்கிறது.
இன்னொரு நாற்காலி குளிருக்குப் பயந்து
அரிசோனா போயிருக்கிறது.
ஐந்து பேர் இருந்தால்தான் கோரம்.
வந்திருப்பவர்கள் நால்வர்.

இந்தக் குழுவால் எதையும் ஆணையிட முடியாது.
வாசல் பனியை அள்ள ஒரு மண்வெட்டிகூட
வாங்க முடியாது.
பரிந்து
உரைக்கலாம்.
இரண்டாம் மாடியில் அதன்மேல்
‘பெற்றுக்கொள்ளப்பட்டது’ என்று முத்திரை விழும்.
பெற்றுக்கொள்வது வேறு, கேட்டுக்கொள்வது வேறு.

பொருள் நான்கு:
வடகுன்றுச் சாலைக்குப் போகும் வியாழக்கிழமை வேனை
ஏப்ரல் முதல் நிறுத்துவது.
காரணம்: சராசரிப் பயணிகள் மூன்றேகால்.
‘அந்தக் கால் ஆள் யார்?’
தலைவி ரோஸன்னா ஆல்ட்டோ கேட்டார்.
போக்குவரத்து அலுவலர்
தாள்களை இன்னொரு முறை அடுக்கினார்.
நல்ல பையன். அவனுக்கும் மேலே
யாரோ சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

ஐந்தாமவர் ஐனோ ஹர்யுவைக் காணோம்.
வயது எண்பத்து நான்கு.
மானை இடித்த மறுநாளே
ஓட்டுநர் உரிமத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தவர்.
கோரம் இல்லாமல் பேசினால்
அது கூட்டம் அல்ல, காப்பி.
காப்பி குடித்தோம்.
லாஃப்ரெனியே காதுக்கருவியைக் கழற்றி
பேட்டரி மாற்றி, மறுபடி மாட்டாமல்
கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தார்.

இரண்டு பத்துக்கு வாசலில் பனி உதறும் சத்தம்.
ஓட்டுநர் டுவெய்ன் கதவைப் பிடித்திருக்க
ஹர்யு படியிறங்கினார்,
ஒரு காலை வைத்து, மறு காலை யோசித்து.
பின்னாலேயே மூன்று பெண்கள்.
குன்றில் பனி வாரும் வண்டி இன்னும் வரவில்லையாம்,
இரண்டு முறை ஏறி இறங்க முடியாதாம்,
அதனால் எல்லாரையும் இங்கேயே
கொண்டுவந்துவிட்டான்.

பொதுமக்களுக்கென்று போட்ட வரிசையில்
நான் வேலைக்கு வந்தபிறகு முதல்முறையாகப்
பொதுமக்கள்.

ஆளுக்கு மூன்று நிமிடம்.
இர்மா சாலோ எழுந்தார்.
வேனைப் பற்றி ஒரு சொல் இல்லை.
வீட்டுக்கு வரும் மதியச் சாப்பாட்டில்
சூப்புக்கு உப்பே கிடையாது என்றார்.
நாய்க்கு ஊற்றினால்
நாய் என் முகத்தைப் பார்க்கிறது என்றார்.
மூன்று நிமிடமும் சூப்புதான்.
‘உணவுச் சேவை குறித்து ஒரு கருத்து’
என்று எழுதிக்கொண்டேன்.

இரண்டாமவர் கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டுப்
போய்விட்டார்.

மூன்றாமவர் டெல்ஃபின் ரோக்
அலுவலரைப் பார்த்துச் சொன்னார்:
‘எதிர்வீட்டு நெல்ஸ் இந்த வேனில் ஏறியதே இல்லை.
டுவெய்ன் ஹார்ன் அடிப்பான்,
நெல்ஸ் திரையை விலக்கிக் கை காட்டுவார்,
அப்புறம்தான் வேன் நகரும்.
தை முதல் மாசி வரை
அந்தக் கையை வேறு யாரும் பார்ப்பதில்லை.
அவரை எந்தக் கட்டத்தில் போட்டிருக்கிறாய், தம்பி?’
பையன் உண்மையிலேயே தேடிப் பார்த்தான்.

ஹர்யு கையுறையைக் கழற்றினார்.
‘மாதத்தில் ஒரே ஒரு வியாழன் ஏறுகிறேன்.
இந்தக் கூட்டத்துக்கு மட்டும்.
அந்தக் கால் நான்தான்.’

கால் ஆள் உட்கார்ந்ததும்
கோரம்.

ஐந்துக்குப் பூஜ்யம்.
வேன் தொடரப் பரிந்துரை.
மணி மூன்று ஐந்துக்குக் கலைந்தோம்.

வெளியே வேன் எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது.
இந்தக் குளிரில் அணைத்தால்
மறுபடி கிளம்பாதாம்.
எரிந்த டீசல்,
டுவெய்னின் கூடுதல் நேரம் ஐம்பத்தைந்து நிமிடம்:
மார்ச் மாதக் கூட்டம், பொருள் இரண்டு.