ரசீது இல்லாத சுவர்

கதவைத் திறந்ததும் லூட்கார்ட் சொன்னாள்:
"காலணியைக் கழற்றாதீர்கள்.
தரை பிப்ரவரியைவிடக் குளிர்ச்சி."
கென்ட் நகரின் செங்கல் வரிசையில்
பதினேழாம் எண் வீடு.
எரிசக்திச் சான்றிதழ் எழுத வந்தவன் நான்.
தோளில் ஏணி, கையில் லேசர் அளவுகோல்,
பையில் ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்து.

சன்னலருகே லைட்டரைப் பற்றவைத்தேன்.
கண்ணாடியில் ஒரு ஜோடிச் சுடர்தான்.
இரட்டைக் கண்ணாடி என்றால் இரண்டு ஜோடி தெரியும்.
கொதிகலன் தொண்ணூற்று மூன்றில் பிறந்தது,
நெற்றியில் தகடு அடித்திருக்கிறது.
பரணில் ஒரு புறா
எனக்கு முன்பே ஆய்வை முடித்திருந்தது.

பிறகு பின்சுவர்.

"இதற்குள் பஞ்சு இருக்கிறது என்பான் ஹெர்விக்."
"யார் அது?"
"முன்னாள் கணவன்.
ஒரு கோடை முழுக்க இந்த அறையைப் பூட்டிக்கொண்டான்.
ஆறு சென்டிமீட்டர் கண்ணாடிப் பஞ்சு வைத்தேன் என்றான்.
வைத்தானா, வானொலியில் சைக்கிள் பந்தயம் கேட்டானா,
கடவுளுக்குத்தான் வெளிச்சம்.
விவாகரத்து மனுவிலும் அந்தப் பஞ்சு வந்தது,
பங்கு கேட்டு."

"ரசீது?"

"அவனா? ரசீதா?"

ரசீது, புகைப்படம், ஒப்பந்தக்காரர் கையெழுத்து,
எதுவும் இல்லையென்றால்
பஞ்சும் இல்லை.
கணினி கட்டிய வருடத்தை மட்டும் கேட்கும்,
அந்த வருடத்தின் ஆக மோசமான சுவரை
இங்கே கொண்டுவந்து நிறுத்தும்.

"அப்படியானால் எனக்கு?"
"எஃப்."
"ஆறு சென்டிமீட்டர் இருந்தால்?"
"டி. ஆனால் டி வீட்டுக்குப் பெரிய மானியம் கிடையாது.
அது இ-க்கும் எஃப்-க்கும்தான்."

கெட்டில் கொதித்து அணைந்தது.
அவன் பொய்யன் என்றால் புதுக் கூரை வரும்.
மெய்யன் என்றால் வங்கியில் போய் நிற்க வேண்டும்.
சுவரைத் துளைக்க எனக்கு அதிகாரமில்லை,
வீட்டுக்காரர் துளைத்தால்
பார்க்காமல் இருக்கவும் அதிகாரமில்லை.
இதை அவளிடம் சொன்னேன்.
சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நிலவறைக்குப் போய்
துளைக்கும் இயந்திரத்தோடு வந்தாள்.
"இதுவும் அவனுடையதுதான்."
"மானியம்..." என்று இழுத்தேன்.
"பத்தொன்பது வருடச் சண்டை," என்றாள்,
"தெரிந்தாக வேண்டும்."

முதல் துளையில் மரச்சட்டம்.
ஒரு முழம் தள்ளி இரண்டாவது. மறுபடி மரச்சட்டம்.
மரத்தில் கஞ்சம் பார்க்கவில்லை ஹெர்விக்.
மூன்றாவது, இரண்டுக்கும் நடுவே, சற்று மேலே.
இப்போது சுவரில் மூன்று புள்ளி,
எஃப்பின் வயிற்றில் உட்கார்ந்திருக்குமே
அந்த ஆய்தம் போல.
மேல் புள்ளியிலிருந்து உருவிய இயந்திரத்தின் நுனியில்
மஞ்சளாய்ச் சுற்றிக்கொண்டு
பஞ்சு.

"தொடாதீர்கள், அரிக்கும்," என்றேன்.
"தெரியும்," என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அந்தக் கோடையில் முழங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தான்.
படை என்று நினைத்துக் களிம்பு வாங்கிக் கொடுத்தேன்.
தேடினால் அதற்கு ரசீது இருக்கும்."

கம்பியை நுழைத்து அளந்தேன்.
நான்கு சென்டிமீட்டர்.
அவளும் அளந்தாள். நான்கு.
"ஆறு என்றானே!"

மடிக்கணினி மேசையில் யோசித்தது.
அவள் மூன்று துளையையும் மாறிமாறிப் பார்த்தாள்.
மயிரிழையில்
இ.

"அப்படியென்றால் மானியம்?"
"உண்டு."
இயந்திரப் பெட்டி மீதே உட்கார்ந்துவிட்டாள்.
சிரிக்கிறாளா என்று பார்த்தேன்,
சரியாகத் தெரியவில்லை.
"மீதி இரண்டு சென்டிமீட்டர்
எங்கே போயிருக்கும்?" என்றாள்.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஏணியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.
அடுத்தது இருபத்து மூன்றாம் எண்.
அங்கே சன்னலில் இப்போதே ஒருவர் நின்றுகொண்டு
ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டுக் காகிதத்தை
எனக்கு ஆட்டிக் காட்டினார்.