ஒன்பதாம் பக்கத்தில் சாயங்காலம்

அந்தப் புத்தகத்தை வரைந்தவள் நானில்லை,
தைத்தவள்.
வால்பரைசோவில், துறைமுகத்துக்கு இரண்டு தெரு பின்னால்,
பல்தசார் ஓயார்சேயின் அச்சுக்கூடத்தில்
ஊசியும் நூலும் பசையும் என் பாடு.

வரைந்தவள் ஹிமேனா லகூனாஸ்.
பதினாறு பக்கமும் ஒரு பூனை படியேறும்.
முடிந்ததும் புத்தகத்தைத் தலைகீழாய்ப் பிடித்தால்
அதே படியில் அதே பூனை
இறங்கி வரும்.
கடல் இருந்த இடத்தில் வானம்.
படகின் அடிவயிறு கொக்கின் முதுகு.
குடை பிடித்து நின்ற மீன்காரி
குடைக்குள்ளேயே உட்கார்ந்து துடுப்புப் போடுவாள்.

பார்ப்பவருக்கு வேடிக்கை.
தைப்பவளுக்கு, தலை எது கால் எது என்று சொல்லாத தாள்
தலைவலி.
பக்க எண்ணும் கூடாதாம், குட்டு உடைந்துவிடுமாம்.
ஒன்பதாம் பக்கம் வேறு தனித் தாள், கனமான தாள்,
ஒவ்வொன்றாய் ஒட்ட வேண்டும்.
மூலையில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டேன்.
ஜூலை மழை. மின்சாரம் விட்டுவிட்டு வந்தது.
புள்ளி இருந்ததா, கண்ணில் பூச்சி பறந்ததா,
நாற்பது பிரதிகள் போன பிறகுதான் உறைத்தது.

ஓயார்சே கணக்கு நோட்டைத் திறந்தார்.
ஹிமேனா வந்தாள், புரட்டினாள், மறுபடி புரட்டினாள்.
"எங்கே பிழை?" என்றாள்.
காட்டினேன்.
வரைந்தவளே கண்டுபிடிக்காத பிழைக்கு
என் கூலியில் பிடித்தம் உண்டா என்று
கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

விற்க முடியாது, கிழிக்க மனம் வராது.
கம்பிவட வண்டியில் ஏற்றி
கொர்தியேரா குன்றின் பள்ளிக்கு
நானே கொண்டுபோனேன்.

எலிசேயோ என்றொரு பையன். ஏழு வயதிருக்கும்.
இடது கண்ணை ஒட்டுப்போட்டு மூடியிருந்தார்கள்,
சோம்பேறிக் கண் வலது, அது உழைக்கட்டும் என்று.
மூக்கு தாளில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து படித்தான்.
ஒற்றைக் கண்ணுக்குப் படம் ஆழமாகும் என்று
பிறகுதான் யாரோ சொன்னார்கள்.
இரண்டு கண்ணும் கூடிப் பேசித்தான்
"இது வெறும் காகிதம்" என்று
காட்டிக்கொடுக்கின்றனவாம்.

ஒன்பதில் நின்றான்.
"சன்னலெல்லாம் ரொட்டி மாதிரி
வெளியே வீங்கியிருக்கு."
தகரச் சுவரைத் தடவினான்.
"பள்ளமெல்லாம் மேடு."
எனக்குக் காது சுட்டது.
ஒப்புக்கொள்ளலாம் என்று வாயைத் திறந்தேன்.

அவன் தலையைத் தூக்கி வெளியே பார்த்தான்.
சூரியன் கடலோடு கடலாய்த் தாழ்ந்து
குன்றின் வீடுகளுக்குக்
கீழேயிருந்து விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தது.
ஒவ்வொரு சன்னலின் மேல்விளிம்பும் மஞ்சள்.
குனிந்தான் மறுபடி.
"ஓ. இந்தப் பக்கத்துல சாயங்காலம் ஆயிடுச்சு."
சன்னல்கள் உள்ளே போய்விட்டன அவனுக்கு.
நான் பார்த்தேன், எனக்குப் போகவில்லை.

"பூனை?"
"இருட்டறதுக்குள்ள வீட்டுக்கு இறங்குது."
"பத்தாம் பக்கத்துல திரும்ப ஏறுதே?"
இதென்ன கேள்வி என்பது போல் பார்த்தான்.
"எதையாவது மறந்துட்டு வந்திருக்கும்."

அடுத்த பதிப்புக்கு
ஓயார்சே புள்ளியைச் சிவப்பில் வைக்கச் சொன்னார்.
ஆயிரத்து இருநூறு, ஒன்றும் பிசகவில்லை.
அவற்றில் எதிலும் பொழுது சாயாது.

அன்று திரும்புகையில் கம்பிவட வண்டி நின்றிருந்தது, பழுது.
நூற்று அறுபது படிகளில் இறங்கினேன்.
எதிரே நெளிதகரச் சுவர்கள்,
எது வரி எது வாய்க்கால் என்று
ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்துக்கொண்டே வந்ததில்
இல்லாத கடைசிப் படியில்
கால் வைத்தேன்.