தையலுக்கு விடாத இடம்

இருநூற்று எண்பது என்று சீட்டில் எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டார் டாக்டர்.
சுங்கச்சாவடிக் கூண்டில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து
ஊர் உலகம் போவதைப் பார்க்கிற மனுஷர்
தினம் நடக்க வேண்டுமாம்.
ரோட்டில் நாய்கள். மைதானத்தில் தெரிந்தவர்கள்.
அதனால் மெஷின்.

ஓசூர், பாகலூர் ரோடு, ஏழாவது மாடி.
வீட்டைக் காலி செய்து கிளம்புகிறவர்கள்
ஒன்பதாயிரம் சொல்லி ஆறரைக்கு இறங்கினார்கள்.
"ரெண்டு மாசம்தான் யூஸ் பண்ணோம்" என்றாள் அந்தப் பெண்.
பெல்ட்டின் நடுவில் மட்டும் கறுப்பு வெளுத்திருந்தது.
யாரோ ஒருத்தர் நிறைய நடந்திருக்கிறார்.
நான் கேட்கவில்லை.

டாடா ஏஸில் சாய்த்துக் கட்டி
சூளகிரி தாண்டி வருகையில்
இவர் உட்காரும் மூன்றாவது லேனில்
அன்றைக்கு வேறொருவன்.
"என்னண்ணா, ரோட்டையே வாங்கிட்டு வர்றீங்க,
ரோட்டுக்கு எவ்வளவு போடட்டும்?"
இவர் சிரித்தார். ஆறரை ஆயிரத்துக்கு
அது ஒன்றுதான் இனாம்.

பழையபேட்டையில் மாவு மில்லுக்கு மேல் எங்கள் வீடு.
முன்பே அளந்து சொன்னேன்.
ப்ளவுஸுக்கு எடுக்கிற டேப், பொய் சொல்லாது.
மெஷின் முப்பத்தொன்று. வாசல் இருபத்தொன்பதரை.
"தள்ளுனா போயிடும்" என்றார்.
உடம்பென்றால் மூச்சை இழுத்துப் பிடிக்கலாம்.
துணியென்றால் ஓரத்தில் ஓர் இன்ச் விட்டிருப்பேன்.
பிரித்துவிடத் தையலே இல்லாமல்
எவனோ கட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

மாங்காய் சீசன். கூலியாட்கள் எல்லாம் மண்டியில்.
புருவத்தில் மாவோடு மில்லிலிருந்து ஹயாத் பாய் வந்தார்.
கதவைக் கழற்றினோம், நிலையின் சட்டத்தையும்.
படிக்கட்டுத் திருப்பத்தில் அது நின்றுவிட்டது
மேலேயும் போகாமல் கீழேயும் வராமல்.
அந்தப் பக்கம் இவர், இந்தப் பக்கம் நான்.
அரைமணி நேரம்.
கைப்பிடி இடுக்கு வழியாகத் தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்தேன்.
கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில்
அவ்வளவு நேரம் நாங்கள் எதிரெதிரே நின்றதில்லை.

அன்றிரவு கதவுக்குப் பதில் என் பழைய சேலை.

பீரோ இரண்டடி நகர்ந்தது.
பீரோவுக்காக ஃப்ரிட்ஜ் சமையலறைக்குள் போனது.
ஃப்ரிட்ஜுக்காக அரிசி டிரம் கட்டிலடிக்குப் போனது.
சின்னவள் எங்கே பாய் போடுவாள் என்று
யாரும் அளக்கவில்லை.
அவள் இப்போது பெல்ட்டின் மேலேயே படுக்கிறாள்.
முடுக்கி முடித்தபின் இரண்டு போல்ட் மிச்சம்.
எதற்கானவை என்று தெரியாமல்
பாபின் டப்பாவில் கிடக்கின்றன.

முதல்நாள் இவர் நடந்த நடையில்
பின்கட்டு வீட்டுக்காரம்மா சுவரைத் தட்டினாள்.
"மில்லு ஓடுறப்ப நடங்க,
எது எந்தச் சத்தம்னு யாருக்குத் தெரியும்"
என்றார் ஹயாத் பாய்.
மில் ஓடுவது பத்திலிருந்து நாலு.
இவர் டூட்டி ஒன்பதிலிருந்து ஐந்து.
வாரத்தில் ஒருநாள் விடுமுறை,
அன்றைக்குத் தலைவலி.

பதினைந்து நாள் பார்த்தேன்.
ஒரு மத்தியானம் கீழே கேழ்வரகு அரைபடத் தொடங்கியதும்
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன்.
விழுந்தால் நிற்பதற்கு ஒரு சிவப்புக் கிளிப்.
நானே தைத்த ப்ளவுஸின் விளிம்பில் மாட்டினேன்.
தரை நடுங்கியது. எதிரே பீரோ கண்ணாடியில்
ஒருத்தி என்னை நோக்கி வந்துகொண்டே இருந்தாள்
வந்து சேராமல்.

தையல் மெஷினை மிதித்திருக்கிறேன்
பள்ளிச் சீருடைகள், கல்யாண ரவிக்கைகள்,
இருபது வருஷம், இதே மாதிரி உட்கார்ந்த இடத்தில்.
அது ஒருநாளும் இவ்வளவு தூரம் என்று காட்டியதில்லை.
இது காட்டியது. பூஜ்யம் புள்ளி இரண்டு.
புள்ளி நாலு.
இட்லிக்கு ஊறவைக்க மறந்தது ஞாபகம் வந்தது.
நிற்கவில்லை.
புள்ளி ஆறு.

கரண்ட் போயிற்று.
மில் இறங்கி இறங்கி ஓய்ந்தது.
கீழே யாரோ "எப்ப வரும்?" என்று கேட்டார்கள்.
எண் அணைந்துவிட்டது, சூடு மட்டும் உள்ளங்காலில்.
மெஷின் மறந்துவிடும் என்று தோன்றியது.
தையல் சாக்கை எடுத்து
பீரோவின் பக்கவாட்டில், இவர் கண்படாத பக்கம்,
0.6 என்று எழுதிவைத்தேன்.