மூன்று பாக்கி

ஓலசுண்டில்,
பத்தொன்பதாவது மணியில்தான்
படகுத் திரையில் கடல் கறுக்கும்.
அணைத்துப் போட்டால் வந்துவிடும், என்றார் தூர்கெய்ர்.
எத்தனை நாளைக்கு?

கடந்துபோன ஏதோ ஒரு நீரை
கிராபிக்ஸ் அட்டை இறக்கிவைக்காமல் சுமக்கிறது.
நிரலின் குப்பைக்காரனுக்குத் தெரிவது
எட்டு பைட் கைப்பிடி.
மறுமுனையில் மலை தொங்குவது தெரியாது.

பிறக்கிற ஒவ்வொன்றுக்கும்
பெயரும் வரி எண்ணும் பதியவைத்தாள் சுன்னிவா.
ஒரு மணி நேரக் கணக்கு:
ஆக்கியது நானூற்றுப் பன்னிரண்டு,
விடுத்தது நானூற்று ஒன்பது.

மூன்றும் ஒரே தீவு.
இரவு நிறத்துக்கு மாறும்போதெல்லாம்
பழைய தீவைக் கைவிட மறந்த வரி, இருநூற்றுப் பதினேழு.
எழுதியவர் இடத்தில் அவள் பெயரே.
அன்றைக்குக் காய்ச்சல்.

ஒரு சொல் சேர்த்தாள்: விடு.

இருபதாவது மணியில் தூர்கெய்ர் அழைத்தார்:
"திரையில் கடல் இருக்கிறது.
கண்ணாடிக்கு வெளியேதான் காணோம்."