தயாரிப்பு இடம்

பாரூர் ஏரியில் தூர் வாரும்போது
ஜேசிபி வாயில் வந்தது.
பம்புசெட் உதிரி என்றுதான்
முனிராஜ் ஓரமாய்ப் போட்டு வைத்தானாம்.

மண்ணெண்ணெயில் இரண்டு ராத்திரி.
பிறகு என் பழைய பல் பிரஷ்.

குழலில் கிரீடம்; அடியில் 1917.
போல்ட்டில் வேறு எண், இஷாப்பூர் முத்திரை.
முன்மூடி மட்டும்
(பூதக்கண்ணாடி வைத்துத்தான் தெரிந்தது)
லித்கோ, ஆஸ்திரேலியா.

கிரீடத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.
"மெடலா, மாதம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.
இல்லைங்க ஐயா,
உள்ளே அரித்துப்போன குழலுக்குத்தான்
நட்சத்திரம் குத்துவார்கள்.
அவர் கை தோள்பட்டை வரை போய்த்
திரும்பியது.

படிவத்தில் ஒரே கட்டம்,
கட்டைவிரல் அகலம்.
மூன்று ஊரும் இடித்துக்கொண்டன.
அடித்துவிட்டு எழுதினேன்:
பாரூர் ஏரி, தெற்கு மடை.

ஐயா படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.