முற்றத்தில் குப்புறக் கிடப்பவள்

தபால்காரன் ஐவார் என்னைப் பிணமென்று நினைத்துவிட்டான்.
வண்டிக் கதவைக்கூடச் சாத்தாமல்
ஓடி வந்தான்.
ஹெல்வே! ஹெல்வே!

அசையாதே, என்றேன்.
உன் இடது பூட்ஸுக்குப் பக்கத்தில்
ஒருவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார்.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.
பிர்ச் விறகு அடுக்கு. மழைநீர்ப் பீப்பாய்.
சானாக் குடிலின் கரி படிந்த சுவர்.
மார்ச் மாதத்து அழுக்குப் பனி.
ஒருவரையும் காணோம்.

உண்மையில் நான் கேமரா வாங்கியது
கடலையும் மலையையும் பிடிக்க.
கடல் நான்கு மணி நேரத் தொலைவு,
பிப்ரவரியில் காரின் கியர்பெட்டி கழன்றது.
மலை?
எங்கள் நாட்டின் மிக உயர்ந்த மலைக்கே
பெரிய முட்டைமலை என்றுதான் பெயர்.

லென்ஸைக் கழற்றித்
தலைகீழாகத் திருப்பி மாட்டினேன்.
மோர்ப் பெட்டியை வெட்டி
ஃபிளாஷுக்கு முக்காடு போட்டேன்.
முதல் வாரம் ஒன்றுமே அகப்படவில்லை.
வீட்டைச் சுற்றி நடந்தேன், நடந்தேன்.
நடந்ததுதான் பிழை.

உட்கார்ந்தேன்.
பிறகு மண்டியிட்டேன்.
பிறகு சாக்கை விரித்துப் படுத்தேன்.
தாழத் தாழ நிலம் பெருத்தது.

விறகில் கீழிருந்து மூன்றாவது வரிசை,
பட்டை உரிந்த கட்டையின் அடிப்பக்கம்:
தலைமுடியைவிட மெல்லிய காம்புகளில்
நீலவெள்ளி மணிகள், நாற்பதோ ஐம்பதோ,
கடுகு அவற்றின் அருகே பூசணிக்காய்.
அது பூஞ்சையும் அல்ல, செடியும் அல்லவாம்.
போன வாரம்வரை அந்த வரிசையிலிருந்துதான்
அடுப்புக்கு எடுத்துப்போனேன்.

சானாவின் ஜன்னல் மூலையில்
எட்டுக் கண் கொண்ட ஒருத்தி.
ஏழு கண்கள் தெளிவாக விழுந்தன.
கூரைப் பாசியில்
மூடி திறந்த குடுவைகள், விளிம்பெல்லாம் பற்கள்.
பீப்பாயின் துருப்பிடித்த ஆணியில்
அந்தி வானம், என்று எழுத ஆசைதான்,
ஆனால் அது துரு.
துருவாகவே போதுமான அழகு.

இருநூற்றுப் பன்னிரண்டு படங்களில்
தேறியவை மூன்று.
கண்ணைக் குறிவைத்தால் முதுகு விழும்,
முதுகைக் குறிவைத்தால் அது போய்விட்டிருக்கும்.
மூச்சை அடக்கி அடக்கி
நெஞ்சு டிரம்மாய் அடிக்கும்,
அந்த அடியிலேயே படம் கலங்கும்.
ஒருமுறை தும்மினேன்.
ஒரு நகரமே காலியானது.

பக்கத்துப் பண்ணை மாய்மு கேட்கிறாள்:
இலையுதிர் காலத்துச் சருகை
இன்னுமா கூட்டவில்லை?
குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள், என்றேன்.
வாடகை வருகிறதா, என்றாள்.
வருகிறது, என்றேன்.
அவள் அதற்குமேல் கேட்கவில்லை.
ஊரில் இரண்டு நாள் அதே பேச்சு.

ஐவார் மெல்லக் குனிந்தான்.
கேமராவின் சின்னத் திரையைக் காட்டினேன்.
நனைந்த பிளம் பழத்தின் கருநீலத்தில்
ஒரு மில்லிமீட்டர் உடம்பு,
ஆறு குட்டைக் கால்கள்,
தன்னைவிடப் பெரிய துளியில் முகம் பதித்து.
எங்கள் மொழியில் அதன் பெயருக்கு
வீச்சுவாலி என்று பொருள்.
பள்ளியில் படித்திருப்பான். நானும்தான்.

எத்தனை இருக்கும் இங்கே, என்றான்.
பனிமேல் தெரியும் கரும்பொடியைக் காட்டினேன்.
கூரை சொட்டும் வரி நெடுக,
அவன் நின்ற இடம் நெடுக,
மிளகுத்தூள் சிந்தியதுபோல்.
அந்தத் தூளில் ஒரு துகள் துள்ளியது.

இருபத்தோரு வருடமாக
இந்த முற்றத்தைத் தாண்டுகிறவன்
ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றான்,
எங்கே வைப்பதென்று தெரியாமல்,
நாரைபோல,
தொப்பி ஒரு பக்கம் சாய்ந்து.

நான் சிரித்திருக்கக் கூடாது.

கடைசியில் வந்த தடத்திலேயே
பின்னோக்கி, குழி குழியாய்,
தன் பூட்ஸைத் தன் பூட்ஸில் வைத்துத்
திரும்பிப் போனான்.
வேலிவரை அப்படியே.

கையிலிருந்த கடிதத்தைத் தர மறந்துவிட்டான்.
மின்சாரக் கட்டணமாக இருக்கும்.
வெளிச்சம் இன்னும் இருபது நிமிடம்.
மறுபடி படுத்தேன்.