பாதித் துண்டு

கும்பகோணம் பேருந்து நிலையத்தில் எண்பது சொன்னார்,
அறுபத்தைந்துக்கு வந்தது.
சிவப்புக் கரை போட்ட ஈரிழைத் துண்டு.
"மொதத் தண்ணியில சாயம் போகும்" என்றார்,
ஒளிக்காமல்.

அணைக்கரையில் தொடங்கி
கொள்ளிடக் கரையோடு கடல் வரைக்கும் மிதிப்பது என்று
நானும் செங்கொடியும்.
அவள் கடிகாரம் தூரம் சொல்லும்,
நெஞ்சு எத்தனை தரம் அடித்ததென்றும் சொல்லும்.
என் தலையில் முண்டாசு.
"கதிரறுக்கப் போறியா?"
"ஆள் கூப்பிட்டா போவேன்."

முதலை உண்டு, இறங்காதீர் என்ற பலகைக்குக் கீழே
இரண்டு பையன்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்.
நாங்கள் இறங்கவில்லை.
கோடைக்கு மிஞ்சிய மடுவில்
துண்டை மட்டும் வீசி இழுத்தேன்.
பிழியாமல் கட்டிக்கொண்டதும்
முதுகில் கணுக்கணுவாக
நின்று நின்று இறங்கியது ஆறு.
சாயமும் இறங்கியது.

பத்து மணிக்கு மணல் லாரிகள்;
முண்டாசு அவிழ்ந்து மூக்குக்கு வந்தது.
நுங்கு வெட்டியவர் பை இல்லை என்றதும்
முந்தானை இல்லாத எனக்கு
மூலை முடிச்சில் எட்டுச் சுளை.

மணல்மேடு தாண்டி டீக்கடை.
துண்டைத் தோளில் போட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
"எங்க தாத்தாவுக்கு
இதைத் தோள்ல போட்டதுக்குப் பதினோரு ரூவா அபராதம்"
என்றாள் செங்கொடி, டீயை ஆற்றியபடி.
கேட்க ஒரு கேள்வியும் வரவில்லை எனக்கு.
"கொஞ்ச நேரம் குடு" என்று வாங்கி
தன் தோளில் போட்டுக்கொண்டாள்.
அடுத்த பத்து மைல் அவளிடம்தான் இருந்தது.

அங்கேதான் கருவை முள். விரல் நீளம்.
ஒட்டுப்பசை குழாய்க்குள்ளேயே காய்ந்து கிடந்தது.
டியூபை உருவினோம்.
போரில் வைக்கோல் பிடுங்கினோம்;
வைக்கோல் தனியாக நிற்காது, சுற்ற ஏதாவது வேண்டும்.
துண்டை நானே பல்லில் கடித்தேன்.
விரற்கடை கிழிந்ததும்
மிச்சம் தானாக வழிவிட்டது.
துண்டு என்று பெயர் வைத்தவருக்கு
இது முன்பே தெரிந்திருக்கும்.
அவள் கடிகாரம் "ஓய்வு" என்று காட்டிக்கொண்டிருந்தது.

திரித்துத் திணித்த டயர்
மாட்டு வண்டி போலப் போனது.
ஆனால் போனது.

அளக்குடியில் இரவு.
இரண்டு முகம், பாதித் துண்டு,
கணக்கில்லாத கொசு.
விடியும்போது அது யார் பக்கம் இருந்தது என்று
இன்றும் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

பழையாற்றில் ஆறு எங்கே முடிந்தது என்று பிடிபடவில்லை.
விரலைத் தொட்டு நாக்கில் வைத்தோம்.
உப்பு.
சரி, வந்துவிட்டோம்.

சீர்காழி பஸ்ஸில் சைக்கிள்களைக் கூரையில் கட்டிவிட்டு
ஜன்னல் வழியே பாதித் துண்டைப் போட்டேன்.
மீன் கூடையோடு ஏறிய அம்மா
அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.
"அரைத் துண்டுக்கு அரை சீட்டுதான்."
பாதியில் உட்கார்ந்தார்.
நியாயம்.

நடுவழியில் எழுந்தவர்
கூடையைத் தூக்கப் போய் நின்றார்.
சும்மாட்டுத் துணியைக் கரையிலேயே விட்டுவிட்டாராம்.
"குடேன் அதை."
கொடுத்தேன்.
சுருட்டி உச்சியில் வைத்தார், கூடை ஏறியது,
மண்பாதையில் ஒரு சொட்டும் சிந்தாமல் நடந்தார்.

தலைக்கு மேலே, கூரையில்,
மற்ற பாதி வைக்கோலைக் கட்டிக்கொண்டு
டிக்கெட் இல்லாமல் சீர்காழி போய்க்கொண்டிருந்தது.